தீக்கோடு வெட்டப் போறோம்

இந்த மாசியிலயும் காட்டுல தீத்தடுப்புக் கோடு வெட்டப் போறோம். கூலி கிடையாது. எங்க அப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பார்.

எங்க ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். 1882-ல் வெள்ளைக்காரன் மெட்ராஸ் வனச் சட்டம் போட்டான். மாடு மேய்ச்சு விறகு பொறுக்கின காடெல்லாம் 'ரிசர்வ்' ஆச்சு, எல்லைக்கல் நட்டாங்க. சுதந்திரம் வந்தும் அதே சட்டம்தான். ஒரு கட்டு சுள்ளிக்காக அப்பா ரெண்டு நாள் ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்திருக்கார். அப்புறம் காடு எரிஞ்சா, "சர்க்கார் காடு, சர்க்கார் அணைக்கட்டும்"னு ஊரே வேடிக்கை பார்க்கும். அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

1988 தேசிய வனக் கொள்கைதான் ஊர் சனத்தையும் சேர்த்துக்கணும்னு சொன்னது. 1997-ல் ஜப்பான் கடன்ல தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்து, கிராம வனக்குழு அமைச்சாங்க. எங்க ஓடையில தடுப்பணை கட்டினாங்க. பணம் இருந்தவரை கூட்டத்துக்கு ஆள் வந்தது, அப்புறம் குழுவும் இல்ல.

ஆனா அந்த அணைக்குக் கீழதான் என் கிணறு. மேலே காடு எரிஞ்சா அடுத்த மழைக்கு மண் இறங்கி அணை தூர்ந்துடும். அதான் கார்டுகிட்ட சொல்லிட்டு, கொடுவாளோட கிளம்பிடுறோம். போன வருஷம் பதினோரு பேர். இந்தத் தடவை கார்டும் கூட வர்றேன்னிருக்கார்.