எச்ஐவி சார்ந்த உமிழ்நீர்ச் சுரப்பி நோய்

எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்குக் காதின் முன்னும் கீழுமாக உள்ள பரோட்டிட் சுரப்பி வீங்குவதும், வாய் வறள்வதும் இந்நோயின் அடையாளங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும். பார்த்தவுடன் பொன்னுக்குவீங்கி என்றே தோன்றும். ஆனால் பொன்னுக்குவீங்கி வலிக்கும், பத்து நாளில் வடிந்துவிடும். இது பெரும்பாலும் வலிக்காது, மாதக்கணக்கில் நிற்கும்.

எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1981 ஜூனில் அமெரிக்காவில் வெளியானது. அடுத்த சில ஆண்டுகளிலேயே நோயாளிகளின் கன்ன வீக்கம் மருத்துவர்களின் கண்ணில் பட்டது. அறுத்தெடுத்த சுரப்பிகளில் நிணநீர் செல்கள் மண்டிக் கிடந்தன, நடுநடுவே நீர்க்கட்டிகள். சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் விவரித்த, வாயும் கண்ணும் வறளும் நோய்தான் இதுவும் என்று எண்ண இடமிருந்தது. நுணுகிப் பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது. ஷோக்ரன் நோயில் சுரப்பியை மொய்ப்பவை பெரும்பாலும் சிடி4 வகை நிணநீர் செல்கள். இங்கே சிடி8 வகை. அந்நோய்க்கே உரிய தன்னெதிர்ப்பொருள்களும் (சொந்த உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள்) இவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் இல்லை. சிடி8 செல்கள் நுரையீரல் முதலிய உறுப்புகளிலும் ஊடுருவுவதை 1990 வாக்கில் நியூயார்க் ஆய்வாளர்கள் தனி நோய்த்தொகுதியாக விவரித்தனர். 1993இல் வகுக்கப்பட்ட எச்ஐவி வாய்நோய்ப் பட்டியலிலும் இதற்கு இடம் கிடைத்தது.

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. பின்னர் இந்நகரின் பல் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் வாயைப் பரிசோதித்து, எச்ஐவி சார்ந்த வாய்நோய்கள் பற்றி விரிவான ஆய்வுகளை வெளியிட்டனர்.

சிகிச்சையின் வரலாறு அலைக்கழிப்பு நிறைந்தது. ஊசியால் நீரை உறிஞ்சினால் கட்டி சுருங்கும்; சில வாரங்களில் மீண்டும் நிரம்பும். சுரப்பியையே அகற்றலாம் என்றால், முகத்தை அசைக்கும் நரம்பு அதன் ஊடாகத்தான் செல்கிறது. அது சேதமுற்றால் வாய் கோணும், கண் மூடாது. நோயையே மறைத்து வாழ வேண்டியிருந்த காலத்தில் முகமே காட்டிக்கொடுத்த வேதனை வேறு. 1996 முதல் பரவிய, எச்ஐவிக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையே (ஏஆர்டி) நிலைமையை மாற்றியது. பலருக்குக் கட்டிகள் கத்தியின்றியே சுருங்கின. அதேவேளை, பிற வாய்நோய்கள் பல குறைய, இது கூடியதாகச் சில ஆய்வுகள் கூறின. பிகே (BK) எனப்படும் வைரசுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்ற கோணத்தில் அமெரிக்காவில் ஆய்வு நடந்துள்ளது.

கட்டி அரிதாக நிணநீர்ப் புற்றாக மாறக்கூடும். ஒரு பக்கம் மட்டும் வேகமாக வளர்ந்தாலோ இறுகினாலோ உடனே ஊசிப் பரிசோதனை செய்ய வேண்டும். குழந்தையின் கன்ன வீக்கம் வாரங்கள் கடந்தும் வடியவில்லையென்றால், எச்ஐவி பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.