கிளியரிங் ஹவுஸும் ஒரு பழைய ஃபைலும்

கிளியரிங் ஹவுஸ் என்றால் பேங்க்காரனுக்கு செக் மாற்றும் இடம்தான். அதே பெயரில் பம்பாயில் ஒரு கவிதைப் பதிப்பகம் இருந்ததுங்க!

1976-இல் அருண் கொலாட்கர், ஆதில் ஜுஸ்ஸாவாலா, கீவ் படேல், அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா நால்வரும் ஆளுக்கொரு ஆங்கிலத் தொகுப்பு போட்டார்கள். அட்டை வடிவமைப்பு கொலாட்கர் (விளம்பரத் துறைக்காரர் ஆச்சே). அவருடைய 'ஜெஜூரி' 1977-இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு வாங்கியது. பதிப்பகம் எண்பதுகளில் நின்றுபோனது.

ஆனால் அந்த பம்பாய்க் கவிஞர்களின் காகிதங்களை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக நூலகம் சேகரித்து வைத்திருக்கிறது.

தாராவியில் நாங்களும் நாலு பேர் சேர்ந்து ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகம் போட்டோம். பி.காம். படித்தவன் என்பதால் கணக்கு என் தலையில். அச்சக பில், முன்பணம் கொடுத்தவர்கள் பட்டியல், கவிஞர்களின் கடிதங்கள், எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன.

வீடு மாறும்போது அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவன் நான்தான்.