புளித்த தீவனமும் நியாயமான சந்தேகமும்

பசும்புல்லைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்து மாட்டுக்குப் போடும் முறையைத் தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையினர் ஊறுகாய்ப்புல் என்பார்கள். பால்பண்ணைக்காரர்களுக்கு அது சைலேஜ். இதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறார்கள்: அறிவியல் நல்ல வழியைக் காட்டியது, குடியானவர்கள் கெட்டுப்போன தீனி என்று முகம் சுளித்தார்கள், போகப்போகத் தெளிந்தார்கள். ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது. கடந்த 150 ஆண்டுகளில் இந்தத் தொழில்நுட்பம் ஏறிய முக்கியமான படிகள், முகம் சுளித்தவர்களின் சந்தேகத்துக்குத் தேடிய பதில்களாகவே இருக்கின்றன. முழுப் பதில் கிடைக்காத இடங்களில் மறுப்பு இன்றும் நிற்கிறது. குதிரை லாயம் அத்தகைய இடம்.

பிரான்சின் சொலோஞ் பகுதியில், வளம் குறைந்த மணற்பாங்கான நிலத்தில் பண்ணை நடத்திய ஓகுஸ்த் கோஃபாரின் முன் இருந்த சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குவித்துவைத்த பச்சைத் தீவனம் சூடேறும், பூசணம் பிடிக்கும், நாறும். பல ஆண்டுகள் சோதித்த பிறகு, இடுக்குகளில் தங்கும் காற்றுதான் முதல் எதிரி என்ற முடிவுக்கு அவர் வந்தார். மக்காச்சோளத் தட்டையைப் பொடியாக நறுக்கி, மிதித்து அமுக்கி, மேலே பாரமேற்றி மூடினார். 1877-இல் அவர் வெளியிட்ட கையேடு சில ஆண்டுகளிலேயே ஆங்கிலமாகி அமெரிக்கா சேர்ந்தது. அங்கே இல்லினாய் மாநிலத்தில் ஃபிரெட் ஹாட்ச் 1873-இலேயே மரத்தால் நெட்டுக்குத்தான பெட்டகம் ஒன்றை எழுப்பியிருந்தார். இத்தகைய சதுரப் பெட்டகங்களில் மூலைகளில் அமுக்கம் சரியாக விழாது. காற்று தங்கித் தீவனம் கெடும். விஸ்கான்சினில் ஃபிராங்க்ளின் கிங் 1890-களின் தொடக்கத்தில் வட்ட வடிவத்தை வலியுறுத்தியதற்கு இதுவே காரணம். அமெரிக்கப் பண்ணைப் படங்களில் நாம் காணும் உருளைக் கோபுரம், கெட்டுப்போன மூலைகளைப் பற்றிய புகாரிலிருந்து பிறந்தது.

குளிர்காலத்தில் பால் வற்றிக் கிடந்த பண்ணைகளில் ஆண்டு முழுவதும் கறக்க இந்தக் கோபுரங்கள் வழிசெய்தன. ஆனால், சைலேஜ் தின்ற மாட்டின் பாலை வாங்கமாட்டோம் என்று சில கெட்டிப்பால் ஆலைகள் மறுத்தன. இதை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்க முடியாது. கறப்பதற்குச் சற்று முன் போட்ட சைலேஜின் வாடை பாலில் ஏறுவது உண்மை. கறந்த பிறகு போட்டால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். தொழுவத்தைச் சுத்தமாக வைத்து, கெட்ட பகுதியை ஒதுக்கி, கறவைக்குப் பின் தீவனமிடும் ஒழுங்கு பழக்கமானபோது மறுப்பும் வலுவிழந்தது.

மூக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. வைக்கோற்புல்லைக் காயவிடாத மழைக்கால அறுவடைகளால் நொந்திருந்த விவசாயிகளுக்கு, 1885-இல் ஜார்ஜ் ஃப்ரை ‘இனிப்புச் சைலேஜ்’ முறையை விளக்கி நூல் எழுதினார். குவியலை 50 டிகிரி செல்சியஸுக்குமேல் சூடேறவிட்டு, புளிப்பு உண்டாக்கும் கிருமிகளை அழித்தபின் மூடவேண்டும் என்பது அவர் கொள்கை. மணம் நன்றாக இருந்தது, மாடுகளும் விரும்பித் தின்றன. ஆனால் அந்தச் சூட்டில் புரதத்தின் ஒரு பகுதி செரிக்க முடியாததாகிவிடும் என்பது பின்னால் தெளிவாயிற்று. புளிப்பைத் தவிர்ப்பதல்ல, அதை விரைவாக வரவழைப்பதே சரியான வழி. பின்லாந்தின் வேதியியலாளர் ஆர்ட்டுரி இல்மாரி விர்த்தானன் 1920-களின் இறுதியில் அதைச் செய்தார். நீர்த்த அமிலம் தெளித்துத் தீவனத்தின் பி.எச். அளவை 4-க்குக் கீழே இறக்கினால், புரதத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். அமிலம் மாட்டுக்குக் கேடு செய்யாதா என்ற கேள்வி உடனே எழுந்தது. மாட்டின் உடலில் அமிலச் சமநிலை கெடாதபடி சுண்ணாம்பும் சோடாவும் சேர்த்துக் கொடுத்தார்கள். விர்த்தானனுக்கு 1945-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது இந்தத் தீவனமுறை தனியாகக் குறிப்பிடப்பட்டது.

பதில் பாதியே கிடைத்த இடத்துக்கு இத்தாலி எடுத்துக்காட்டு. போ ஆற்றுச் சமவெளியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் மாடுகளுக்குச் சைலேஜ் போட இன்றும் தடை உண்டு. இது விலையைக் காக்கும் சந்தைத் தந்திரம் என்று வாதிடலாம். அந்தப் பயனும் இருக்கவே செய்கிறது. ஆனால் சைலேஜிலிருந்து பாலுக்கு வரும் க்ளோஸ்ட்ரிடியம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் மாதக்கணக்கில் முதிரும் கட்டிக்குள் வாயுவை உண்டாக்கி அதை வெடிக்கச் செய்யும் என்பது நிரூபணமான உண்மை. அதே சமவெளியின் கிரானா படானோவுக்குச் சைலேஜ் தின்ற மாட்டின் பால் ஆகும். முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைமைச் சேர்த்து வித்துகளை அடக்குகிறார்கள். தடை விதித்தவரும் தளர்த்தியவரும் அஞ்சுவது அதே வித்துகளுக்குத்தான். அடக்கும் வழிதான் வேறு.

குதிரையிடம் இந்த அச்சம் உயிர்ப்பிரச்சினை ஆகிறது. மாட்டின் முதல் இரைப்பையிலேயே தீவனம் நுண்ணுயிர்களிடம் சிக்கி நொதிக்கிறது. குதிரைக்கு ஒரே சிறிய வயிறு. நொதித்தல் நடப்பது பின்குடலில். அதனால் தீவனத்தில் உள்ள நச்சு சிதைபடுமுன் சிறுகுடலில் உறிஞ்சப்படலாம். அதே க்ளோஸ்ட்ரிடியம் இனத்துக் கிருமி ஒன்று உண்டாக்கும் பாட்டுலிசம் நச்சுக்குக் குதிரைகள் மிக எளிதில் இரையாகின்றன. பிளாஸ்டிக் உறையில் அடைத்த பெருங்கட்டுகள் பரவிய காலத்தில், 1984-இல், அவற்றைத் தின்று பாட்டுலிசம் கண்ட 13 குதிரைகளைப் பற்றிப் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். ஈரம் மிகுந்து, புளிப்பு குறைந்து, மண்ணோ அரிவாளில் சிக்கிய சிறு விலங்கின் உடலோ உள்ளே போன கட்டு இந்தக் கிருமிக்கு ஏற்ற இடம்.

சுவீடனிலும் பிரிட்டனிலும் இன்று எத்தனையோ குதிரைகள் உறையிட்ட தீவனத்தைத் தின்கின்றனவே, பழைய அச்சம் பொய்யாகிவிடவில்லையா என்று கேட்கலாம். அவை தின்பது மாட்டுத் தீவனம் அல்ல. மாட்டுச் சைலேஜில் உலர்பொருள் ஏறத்தாழ 30 விழுக்காடு. குதிரைக்கான ‘ஹேலேஜ்’ புல்லைப் பாதிக்குமேல் உலர்த்தியபின்தான் கட்டுகிறார்கள். அதில் புளிப்பு குறைவு. வறட்சியும் காற்றின்மையுமே காவல். அதனால் உறையில் ஓட்டை விழுந்த கட்டைக் குதிரைக்குப் போடக்கூடாது. பிரித்த கட்டைச் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும். மழைநாடுகளில் சரியாகக் காயாத புல்லின் பூசணத் தூசு குதிரையின் நுரையீரலைக் கெடுப்பதால்தான் லாயக்காரர்கள் இந்தத் தீவனத்துக்கு வந்தார்கள். இரண்டு ஆபத்துகளை எடைபோட்டு எடுத்த முடிவு அது.

ஆகவே புளித்த தீவனம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பது வரலாற்றுக்குப் பொருந்தாத கேள்வி. எந்த விலங்குக்கு, எவ்வளவு ஈரத்தில், காற்று எவ்வளவு அடைபட்டு, அதன் பாலோ உழைப்போ எதற்குப் பயன்பட என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்விகளை முதலில் எழுப்பியவர்கள் பெரும்பாலும் வாங்க மறுத்தவர்களும் போட மறுத்தவர்களும்தான். அவர்கள் விளக்கம் பல நேரம் பிழையானது; விலகிநின்ற இடம் பெரும்பாலும் சரியானது.