தாது ஆண்டுப் பஞ்சமும் கண்டிச் செலவும்

பாண்டி நாட்டிற் பன்னிரண்டு யாண்டு வற்கடம் நேர்ந்தது என்று இறையனார் அகப்பொருள் உரை கூறும். பசி கடுகவே பாண்டியன் தன்னைச் சார்ந்திருந்த கற்றோரை அழைத்து, இனி அவர்களைப் புரக்கும் ஆற்றல் தனக்கு இன்மையை உரைத்து, வேற்று நாடுகளிற் சென்று பிழைத்திருந்து, நாடு பழைய நிலை எய்தியபின் திரும்பி வருமாறு கூறி விடுத்தான் என்பது அவ்வுரை தரும் செய்தி. பொருளதிகாரம் வல்லாரைக் காணாது மன்னன் வருந்திய கதைக்கு முன்னுரையாகவே இப்பகுதி பெரிதும் பயிலப்படுகிறது. இதனுள் அரசியல் முறைமை ஒன்றும் அடங்கியிருத்தலை அறிஞர் அத்துணை நோக்கினாரல்லர். இயலாமையை மறையாது உரைத்தல், போவதற்கு விடை தருதல், மீண்டு வருதற்கு உரிமை வைத்தல் என்னும் மூன்றும் அம்மன்னன் செய்தவை. உரை கூறும் நிகழ்ச்சி வரலாறாயினும் புனைவாயினும் ஆகுக. பஞ்ச காலத்தில் அரசன் இவ்வாறு நடத்தல் தகும் என்று தமிழ்ச் சான்றோர் கருதினர் என்பதற்கு அது சான்றாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு, கி. பி. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தையும், அதனால் மக்கள் கடல் கடந்து சென்றமையையும், அப்பஞ்சம் பற்றி எழுந்த தமிழ் நூல் ஒன்றையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பெயரை நோக்குதல் வேண்டும். அரசாங்கத்தார் இதனை 1876-78 ஆம் ஆண்டுப் பஞ்சம் என்று எழுதிவைத்தனர். மக்களோ 'தாது வருடப் பஞ்சம்' என்றனர். தாது ஆண்டு 1876 சித்திரையிற் பிறந்து 1877 பங்குனியில் முடிந்தது. சாவு மிகுந்த காலமோ 1877 ஆம் ஆண்டின் இடைப்பகுதி. அஃது ஈசுவர ஆண்டு. எனினும் பஞ்சத்திற்கு ஈசுவர ஆண்டின் பெயர் வழங்கவில்லை. மக்கள் மாண்ட ஆண்டால் அன்றி, மழை பொய்த்த ஆண்டாற் பஞ்சத்திற்குப் பெயரிட்ட உழவர் மனம் இதிற் புலனாகின்றது.

1876 இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சேலம், கோயம்புத்தூர், வடஆர்க்காடு, மதுரை முதலிய வானம் பார்த்த நிலங்களிற் பயிர் கருகியது. பல்லாரி முதலிய தக்கணப் பகுதிகளின் நிலை அதனினும் கொடிது. ஆயின் காவிரி, கோதாவரி, கிருட்டிணை ஆறுகளின் பாசனப் பகுதிகளில் விளைவு முற்றும் அழிந்துபோகவில்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல்களில் அரிசி வந்திறங்கியது. இருப்புப்பாதை 1876 தொடக்கத்திலேயே தூத்துக்குடி வரை முடிந்திருந்தது. ஆதலின் நாட்டில் நெல்லே இல்லாமையாற் பல இலட்சவர் மாண்டனர் என்பது பொருந்தாது. நெல் இருந்தது, அதை விலை கொடுத்து வாங்கும் கூலி உழைப்பாளர் கையில் இல்லை. அக்கூலியை அளந்தது அரசாங்கம்.

சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தொடக்கத்தில் அச்சங்கொண்டு, ஒரு வணிக நிறுவனத்தின் வாயிலாக மறைவில் 30,000 டன் தானியம் வாங்கச் செய்தார். வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையுடைய இந்திய அரசாங்கம் அதனைக் கடிந்தது. அவ்வரசாங்கத்தின் தலைவரான லிட்டன் பிரபு, விக்டோரியா இந்தியப் பேரரசியானதை அறிவிக்கும் தில்லித் தர்பாரை 1877 சனவரி முதல் நாள் நடத்தி முடித்தார். அம்மாதமே செலவைக் குறைக்கும் பொறுப்புடன் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பாரைத் தெற்கே அனுப்பினார். டெம்பிளின் முன்வரலாறு நினையத் தக்கது. 1873-74 இல் பீகார் வங்காளப் பகுதியிற் பஞ்சம் நேர்ந்தபோது, பர்மா அரிசியைப் பெருமளவில் இறக்குமதி செய்து உயிர்ச்சேதம் மிகாமற் காத்தவர் அவரே. அதன் பொருட்டு அவர் பெற்ற பரிசு வீண்செலவாளர் என்னும் பழி. அப்பழியைத் துடைத்துக்கொள்ளும் வாய்ப்பாகவே அவர் சென்னைப் பணியைக் கொண்டார் என்று கருத இடமுண்டு. ஒருவருடைய பெயரைத் திருத்துவதற்குச் சேலத்து உழவன் வயிறு கருவியாயிற்று.

பஞ்ச வேலைத் தலங்களில் அப்போது ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் இருந்தனர். டெம்பிள் ஆண்மகன் ஒருவனுக்கு நாட்கூலியாக ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று வரையறுத்தார். மண்வெட்டிக் குளங்கரை அமைப்பவனுக்கு உரிய கூலி இது. சிறையிற் கிடந்த கைதிக்கு விதித்திருந்த உணவு இதனினும் மிகுதி. சென்னையின் சுகாதார ஆணையராகிய மருத்துவர் கார்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். தானியம் ஒன்றரை இராத்தலேனும் வேண்டும் என்றும், அதனொடு பருப்பும் காய்கறியும் சேர்தல் வேண்டும் என்றும், குறைந்த உணவில் உழைப்பவன் உடல் தன்னைத் தானே தின்று தேயும் என்றும் அவர் எடுத்துக் காட்டினார். சில மாதங்களிற் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் 1877 ஆம் ஆண்டின் கோடை வந்துவிட்டது. இப்பூசலை வில்லியம் டிக்பி என்பார் 1878 இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் விரிவாகக் காணலாம். அவர் சென்னையில் இதழாசிரியராகவும் நிவாரண நிதிக் குழுவின் செயலாளராகவும் இருந்தவர்; அதற்கு முன் இலங்கையிலும் இதழ்ப்பணி செய்தவர்.

கூலிக் குறைப்பைப் பலரும் எழுதியுள்ளனர். எமது ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது பிறிதொரு விதி. உதவி நாடுவோரின் உண்மைத் தேவையைச் சோதிப்பதற்காக, வேலைத் தலங்கள் அவர்தம் ஊரினின்றும் பத்து மைல் அளவிலேனும் தொலைவில் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை கையாளப்பட்டது. வீட்டை விட்டு வருபவனே மெய்யாகப் பசித்தவன் என்பது இதன் கருத்து. ஊரை விட்டுப் பெயர்த்த முதற்கை கங்காணியின் கையன்று, சிக்கன விதியின் கையே என்பது எமது துணிபு. பசித்தவன் பத்து மைல் நடந்து முகாமை அடைந்தபோதே வீடு பூட்டப்பட்டது; மாடு விற்கப்பட்டது; உறவு சிதறியது. அந்நிலையில் உள்ளவனுக்கு இராமநாதபுரக் கடற்கரை அத்துணைத் தொலைவன்று. பழந்தமிழிற் செலவு என்னும் சொல் பயணத்தைக் குறிக்கும். இக்காலத்திற் பொருள் செலவழித்தலைக் குறிக்கும். அரசாங்கம் ஒரு செலவைச் சுருக்க, மக்களின் மற்றொரு செலவு நீண்டது.

அச்செலவு பெரும்பாலும் இலங்கையை நோக்கியதாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கும், சென்னையிலிருந்து மொரீசு, நேட்டால் முதலிய இடங்களுக்கும், காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் சென்றோர் உளர். இலங்கைக்குச் சென்ற தொகைக்கு அவை ஈடாகா. 1877 ஆம் ஓராண்டில் மட்டும் இலங்கை சென்றோர் ஒன்றரை இலட்சம் அளவினர். மற்றை நாடுகளுக்குச் செல்வோர்க்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும் அதிகாரிகளின் மேற்பார்வையும் சட்டத்தில் இருந்தன. அவை பெயரளவினவாயினும் இருந்தன. இலங்கைச் செலவிற்கு 1847 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டுப்பாட்டினின்றும் விலக்கு அளித்திருந்தது. எனவே அங்குச் சென்றோரைத் தடுப்பாரும் இல்லை, காப்பாரும் இல்லை. பலர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளை வரை ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடந்தனர். அவ்வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் விழுந்தோர் தொகை பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடுண்டு. வழிநெடுகச் சாவு இருந்தது என்பதில் வேறுபாடு இல்லை.

அழைத்துச் சென்றவன் கங்காணி. இச்சொல்லின் வரலாறு இரங்கத் தக்கது. கண்காணி என்பது சோழர் கல்வெட்டுக்களிற் கோயிற் பொருள் கெடாமற் பார்த்திருந்த மேற்பார்வையாளருக்கு வழங்கிய பெயர்; மாகேசுவரக் கண்காணி என்னும் தொடர் கல்வெட்டுப் பயிற்சி உடையார் அறிந்தது. பிறர் பொருளைக் காத்தவன் பெயர், ஆட்களுக்கு முன்பணம் கொடுத்து அவர்களைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டவனுக்கு ஆயிற்று. தோணிக் கூலி, வழிச்சோறு, கம்பளி ஆகியவை யாவும் தொழிலாளி தலையிற் கடனாக ஏறின. மலையை அடைந்த நாளே அவன் கடனாளி. கங்காணியைக் கொடியவன் என்று கூறி முடித்தல் எளிது. ஆயினும் அவன் பெரும்பாலும் அவ்வூரான், உறவினன், சிலபோது முன்னர்ச் சென்று மீண்டவன் என்பதை மறத்தலாகாது. அரசு காட்டாத வழியை அவனே காட்டினான். அதற்கு அவன் பெற்ற விலைதான் பெரிது.

இனி இலக்கியத்திற்கு வருவோம். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை இப்பஞ்ச காலத்திற் கஞ்சி வார்த்து வறியோரைக் காத்தமையும், கோபாலகிருட்டிண பாரதியார் அவரைப் பாடியமையும் பலரும் அறிந்தவை. அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. பெரிதும் அறியப்படாதது சிவகங்கை வில்லியப்ப பிள்ளை இயற்றிய பஞ்சலட்சணத் திருமுக விலாசம். பஞ்சத்தால் நைந்த மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகின்றனர். அவரோ தாமே அவர்களைக் காவாது, சிவகங்கை மன்னர் துரைசிங்கருக்கு ஒரு திருமுகம் எழுதி, அதனொடு அவர்களை அனுப்புகின்றார். இதுவே நூலின் கட்டுக்கோப்பு. நகைச்சுவை ததும்பும் நூல் என்று இதனைக் கூறுவர். யாமும் முதன்முறை படித்தபோது அவ்வாறே கருதினோம். சமீன்தாரைப் புகழப் புலவர் கண்ட ஓர் உத்தி என்று ஒதுக்கினோம். இப்போது அக்கருத்தை மாற்றிக்கொள்கின்றோம்.

சொக்கநாதர் திருமுகம் எழுதுதல் புதியதன்று. பாணபத்திரன் வறுமை தீரச் சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் விடுத்த திருமுகப்பாசுரம் பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் உள்ளது. திருவிளையாடற் புராணத்தில் அது தனிப் படலமாகவும் விரிந்தது. அதற்கும் முன்னோடியாகப் பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படை மரபு நிற்கின்றது. வறியவன் வழிநடத்தல், அவனை ஒருவர் வழிப்படுத்தல், அவனை ஏற்க ஒருவர் இருத்தல் என்னும் மூன்று உறுப்பும் இம்மரபில் தவறாது அமையும். வில்லியப்ப பிள்ளை இவ்வமைப்பை அப்படியே கொண்டு, வழிப்படுத்துவோனாகிய இறைவனையே கையில் ஒன்றும் இல்லாதவனாக்கினார். பாணபத்திரன் ஒருவன், இங்கு வந்து நிற்பவரோ நாட்டு மக்கள். நகை அங்குத்தான் பிறக்கின்றது. ஆயினும் இறைவன் தன் கடமையினின்று வழுவவில்லை. களவியலுரைப் பாண்டியனைப் போலத் தன்னால் இயலாமையை ஒப்பினான். போகும் இடத்தைச் சொன்னான். ஏற்குமாறு எழுதிக் கொடுத்தான். சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆண்டவர்கள் இம்மூன்றையும் செய்தாரல்லர் என்பது நூலிற் சொல்லப்படவில்லை. படிப்போர் நினைவில் அது தானே வந்து நிற்கும்.

கண்டிக்குச் சென்றவன் கையிலும் பின்னாளில் ஓர் ஓலை இருந்தது. அதன் பெயர் துண்டு. ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றிற்குப் பெயரும் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் அவனைக் கொள்ளலாம் என்பது அதன் வாசகத்தின் சாரம். 1921 இல் இலங்கையிற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அது வழங்கிற்று. திருமுகத்திற் குறிக்கப்படுவது ஏற்பவனது கடமை. துண்டிற் குறிக்கப்படுவது வருபவனது கடன். கடமை, கடன் ஆகிய இரு சொற்களும் நம் மொழியில் ஒருவழிப் பிறந்தவையாயினும், வழக்கில் எத்துணை விலகி நின்றன என்பதை இவ்விரு ஓலைகளும் காட்டும்.

குடிக்கணக்கும் இக்கதையைத் தன் போக்கிற் கூறுகின்றது. சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை 1871 இல் ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சம்; பத்தாண்டு கழித்து, பெருகியிருக்க வேண்டிய அத்தொகை, 3 கோடியே 8 இலட்சமாக இருந்தது. சேலம் மாவட்டம் ஒன்றில் மட்டும் 19 இலட்சத்து 66 ஆயிரமாக இருந்த மக்கள் 16 இலட்சத்திற்கும் சற்றுக் குறைந்தனர். இக்குறைவில் மாண்டோர் பெரும்பாலார், சென்றோர் சிறுபாலார். 1880 இல் அறிக்கை அளித்த பஞ்ச விசாரணைக் குழுவின் பயனாகப் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு உருவாயிற்று, அது நன்மையே.

சென்றோர் மீளும் உரிமை யாதாயிற்று? முன்னெல்லாம் காப்பி பறிக்கும் பருவத்திற்குச் சென்று ஊர் திரும்பும் வழக்கம் இருந்தது. பஞ்சத்திற்குப்பின் திரும்புதற்கு ஊரில் ஒன்றும் இல்லை. 1869 இற் காணப்பட்ட இலைநோயால் 1880-களிற் காப்பி அழிந்து, ஆண்டு முழுதும் ஆள் வேண்டும் தேயிலை அதன் இடத்தைக் கொள்ளவே, கண்டிச்சீமை நிலைத்த குடியிருப்பாயிற்று. அங்குப் பிறந்தோர்க்குப் பிறந்த மண்ணும் உரிமையாகவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 இற் சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றி 1974 இல் முடிவு செய்யப்பட்டது. அவ்வாண்டை ஒட்டியே இலங்கை அரசின் சிக்கன நடவடிக்கைகளும் பங்கீட்டு உணவுக் குறைப்பும் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளை விளைத்தன. பாட்டன் ஒரு சிக்கனத்திற்கு அஞ்சி வந்த வழியே, பேரன் மற்றொரு சிக்கனத்திற்கு அஞ்சித் தலைமன்னாரிற் கப்பலேறினான். பாண்டியன் கற்றோரைத் திரும்ப அழைத்தது போன்ற அழைப்பன்று அது. எண்ணிப் பகுத்து அனுப்பியது.

இம்மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்துள்ளார். அவற்றையும் திருமுக விலாசத்தையும் ஒருசேர வைத்துப் பயில்வார் இதுகாறும் அரியர். விலாசத்திற்கு நல்ல ஆராய்ச்சிப் பதிப்பு ஒன்று வேண்டும். பஞ்ச காலக் கும்மிகளும் சிந்துகளும் அதனொடு இணைத்து வெளியிடத் தக்கவை. மலிவுத் தாளில் அச்சான குசிலிப் பதிப்புக்கள் பொடிந்து வருகின்றன.

2022 மார்ச்சு 22 ஆம் நாள், இலங்கையில் அரிசியும் பால்மாவும் விலை எட்டாதனவாகவே, யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் சார்ந்த பதினாறு பேர் படகேறி இராமேசுவரம் பகுதியில் வந்து இறங்கினர். அவர்கள் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாம், முன்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்து நிறுத்தி நோய் உண்டா என்று ஆராய்ந்த இடமாகும்.