பாப்பி மலர் ஓவியங்கள்: நீர்வண்ணமும் தைல வண்ணமும் – ஒரு வரலாற்று நோக்கு (1873–1942)

ஆய்வுச் சுருக்கம்

பாப்பி மலரின் ஆயுள் ஒரு நாள். மிஞ்சினால் இரண்டு நாள். அம்மலரை ஓவியமாக்கிய கலைஞர்கள் தைல வண்ணம், நீர்வண்ணம் ஆகிய இரு ஊடகங்களையும் கையாண்டுள்ளனர். குளோட் மோனே, வின்சென்ட் வான்கோ, சைல்ட் ஹாசம், எமில் நோல்டே ஆகிய நால்வரின் பாப்பி ஓவியங்களை முன்வைத்து, ஊடகத்தின் பொருட்கூறுகள் ஓவியத்தின் தோற்றத்தையும் நிலைபேற்றையும் எங்ஙனம் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஊடகத் தெரிவு வரலாற்றுச் சான்றாகவும் அமையக்கூடும் என்பது நோல்டேயின் ஓவியம் வழியாக நிறுவப்படுகிறது.

குறிச்சொற்கள்: பாப்பி, நீர்வண்ணம், தைல வண்ணம், இம்ப்ரஷனிசம், நிறமிகள், மோனே, நோல்டே.

முன்னுரை

ஐரோப்பிய வயல்களில் கோதுமையோடு சேர்ந்து முளைக்கும் செந்நிறப் பாப்பி, உழவருக்குக் களை, ஓவியருக்குப் பொருள். இதன் தாவரவியற் பெயர் பப்பாவர் ரீயாஸ் என்பதாகும். தமிழர் சமையலில் இடம்பெறும் கசகசாவைத் தரும் பப்பாவர் சோம்னிஃபெரம் இதற்கு நெருங்கிய உறவுடைய வேறோர் இனம். அபினியும் அவ்வினத்தின் காயிலிருந்தே பெறப்படுகிறது. ஆகவே பண்டைய கிரேக்கர் காலந்தொட்டே பாப்பி உறக்கத்திற்கும் இறப்பிற்கும் குறியீடாக வழங்கி வந்துள்ளது.

17ஆம் நூற்றாண்டு டச்சு மலர் ஓவியங்களில் பாப்பி பூச்சாடியில் இடம்பெற்றது. வெவ்வேறு பருவங்களில் மலரும் பூக்களைத் தனித்தனியே வரைந்து வைத்துக்கொண்டு, பின்னர் அவற்றை ஒரே சாடியில் ஒன்றுசேர்ப்பது அக்காலத்து மரபு. அங்ஙனம் உருவான பூங்கொத்து இயற்கையில் எந்நாளும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியர்கள் வயலுக்கே சென்று, மலர்ந்து நிற்கும் பாப்பியை அவ்விடத்திலேயே தீட்டத் தொடங்கியபோது இம்மரபு முறிந்தது. அம்மாற்றத்திற்குப் பொருளியல் அடிப்படை ஒன்று உண்டு.

குழாயும் எண்ணெயும்

1841இல் இலண்டனில் வாழ்ந்த அமெரிக்க உருவப்பட ஓவியர் ஜான் கோஃப் ராண்ட், பிதுக்கி எடுக்கத்தக்க உலோகக் குழாயில் தைல வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர் அரைத்த வண்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைக்கப்பட்டது. அதனைத் துளையிட்டபின் மீண்டும் மூடி வைப்பது கடினம். வண்ணம் விரைவில் இறுகியது. மூடியிட்ட குழாய் வந்தபின் தைல வண்ணத்தை வயல்வெளிக்கு எடுத்துச் செல்லுதல் எளிதாயிற்று.

குழாயில் அடைக்கப்படும் வண்ணம் நெடுநாள் இறுகாதிருத்தல் வேண்டும். இத்தேவைக்குக் கசகசா எண்ணெய் பொருந்தியது. ஆளிவிதை எண்ணெயில் ஏறத்தாழப் பாதியளவு லினோலெனிக் அமிலம் உண்டு. அது காற்றோடு விரைந்து வினைபுரிந்து உறுதியான படலமாக இறுகும். ஆயின் காலப்போக்கில் மஞ்சளாகும். கசகசா எண்ணெயிலோ லினோலெயிக் அமிலமே மிகுதி. ஆகவே அது மெல்ல உலர்கிறது, குறைவாகவே மஞ்சளிக்கிறது, வண்ணத்திற்கு வெண்ணெய் போன்ற பதத்தையும் தருகிறது. தூரிகையின் தடம் மேற்பரப்பில் அப்படியே நிற்கும். இக்காரணங்களால் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வண்ண உற்பத்தியாளர் கசகசா எண்ணெயைப் பரவலாகப் பயன்படுத்தினர். இதன் படலம் மென்மையானது. கீழ்ப்படலம் உலருமுன் மேற்பூச்சு இட்டால் வெடிப்பு விடக்கூடியது என்பது இதன் குறை.

மோனே: வயலில் சிதறிய செம்மை

குளோட் மோனே 1871 முதல் 1878 வரை பாரிசுக்கு அருகிலுள்ள அர்ஜென்தேயில் வாழ்ந்தார். அங்கு 1873இல் அவர் தீட்டிய ‘பாப்பி வயல்’ 50 செ.மீ. உயரமும் 65 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய ஓவியம். 1874இல் பாரிசின் கப்யூசின் பெருஞ்சாலையில், ஒளிப்படக் கலைஞர் நதாரின் முன்னாள் நிலையத்தில் நடைபெற்ற முதல் இம்ப்ரஷனிசக் கண்காட்சியில் இது இடம்பெற்றது. எத்தியென் மொரோ-நெலாத்தோன் 1906இல் பிரெஞ்சு அரசுக்கு வழங்கிய தொகுப்பின் வழியாக வந்து, இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

சரிவான புல்வெளியின் மேற்பகுதியில் ஒரு பெண்ணும் குழந்தையும் நிற்கின்றனர். கீழ்ப்பகுதியில் குடையேந்திய பெண்ணொருத்தியும் குழந்தையும் வருகின்றனர். கீழே வருவோர் மோனேயின் மனைவி கமீலும் மகன் ழானும் எனக் கருதப்படுகிறது. மலர்களுக்குக் காம்போ இதழ்ப்பிரிவோ இல்லை. பச்சையின்மேல் இடப்பட்ட சிவப்புப் பொட்டுகளே மலர்களாகின்றன. முன்புறத்துப் பொட்டுகள் மனித உருவங்களின் அளவோடு ஒப்பிட இயற்கைக்கு மீறிப் பெரியவை. மலரின் வடிவத்தைக் காட்டிலும், கண்ணில் படும் நிறத்தின் தாக்கமே இங்கு வரையப்பட்டுள்ளது.

சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று மிகுவிக்கும் நிரப்பு வண்ணங்கள். பாரிசின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் மிஷெல் எழேன் ஷெவ்ரேல், அடுத்தடுத்து அமையும் வண்ணங்களின் முரண் விதியை 1839இல் நூலாக வெளியிட்டார். பாப்பி வயல் அவ்விதியை இயற்கையே எழுதிக்காட்டிய களமாக அமைந்தது. தாம் பயன்படுத்தும் வண்ணங்களை மோனே 1905இல் எழுதிய மடலொன்றில் பட்டியலிடுகிறார். அதில் சிவப்பு வகையில் இரண்டே உள்ளன: ஒன்று வெர்மிலியன், அதாவது தமிழில் சாதிலிங்கம் எனப்படும் பாதரசக் கந்தகச் சேர்மம், மற்றொன்று மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து பெறப்படும் மேடர் செம்மை. 1883இல் ஜிவேர்னியில் குடியேறிய பின்னரும் அவர் பாப்பி வயல்களைத் தொடர்ந்து தீட்டினார்.

வான்கோ: மங்கும் சிவப்பு

வின்சென்ட் வான்கோ 1886ஆம் ஆண்டுக் கோடையில் பாரிசில் மலர் ஓவியங்கள் பலவற்றைத் தீட்டினார். உருவ ஓவியத்திற்கு அமர்வோருக்குக் கூலி கொடுக்க அவரிடம் பணமில்லை. ஓவியர் ஹொராஸ் லிவன்சுக்கு எழுதிய மடலில், செம்பாப்பி உள்ளிட்ட மலர்களைக் கொண்டு சிவப்புக்கும் பச்சைக்கும், நீலத்திற்கும் ஆரஞ்சுக்கும் உள்ள முரணைப் பயின்று வருவதாகக் குறிப்பிடுகிறார். மலர் அவருக்கு வண்ணப் பயிற்சிக் களமாயிற்று. 1890 சூனில் ஓவேரில் தீட்டிய ‘பாப்பி வயல்’ இன்று ஹேக் நகரக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அடுத்த மாதம் 29ஆம் நாள் அவர் மறைந்தார்.

வான்கோ கையாண்ட சிவப்புகளுள் ஒன்று ‘ஜெரேனியம் லேக்’. இயோசின் என்னும் செயற்கைச் சாயத்திலிருந்து செய்யப்பட்ட இந்நிறமி ஒளி பட்டால் மங்கும். 1890இல் அவர் தீட்டிய ரோசா மலர் ஓவியங்களில் இளஞ்சிவப்பாக இருந்த பூக்கள் இன்று ஏறத்தாழ வெண்மையாகத் தோன்றுவதற்கு இத்தகைய சாயச் சிவப்புகளே காரணம். புதிய வண்ணங்கள் நிலையற்றவை என்பதை வான்கோ அறிந்திருந்தார். காலம் அவற்றைத் தணிக்கும் என்பதால் துணிந்து அழுத்தமாக இடவேண்டும் என்று 1888இல் தம்பி தியோவுக்கு எழுதினார். சாதிலிங்கத்தால் ஆன சிவப்பும் சாயத்தால் ஆன சிவப்பும் தீட்டிய அன்று ஒரேபோல் ஒளிரலாம். ஒரு நூற்றாண்டு கழிந்தபின் ஒன்றாக இரா.

ஹாசம்: தீவுத் தோட்டமும் நீர்வண்ணமும்

நீர்வண்ணத்தின் இயல்பு வேறு. கருவேல இனத்து மரத்தின் பிசினில் குழைத்த நிறமி, நீரில் கரைந்து தாளில் மெல்லிய படலமாகப் படிகிறது. வெண்மை தாளிலிருந்தே வருகிறது. ஒளி வண்ணத்தை ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்புகிறது. ஒளி ஊடுருவும் மெல்லிய பாப்பி இதழுக்கு இவ்வூடகம் இயல்பாகப் பொருந்துகிறது. ஆயின் படலம் மெல்லியதாதலால் ஒளியின் தீங்கும் எளிதில் நேர்கிறது. இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி ஆகிய இரு அறிவியலாளர் நீர்வண்ணங்களின்மீது ஒளியின் வினையை ஆராய்ந்து 1888இல் அறிக்கை அளித்தனர். கோச்சினீல் பூச்சியிலிருந்து பெறப்படும் கார்மைன் போன்ற சிவப்புகள் எளிதில் மங்குவன என்பதை அது உறுதிப்படுத்தியது.

இரு ஊடகங்களும் ஒரே தோட்டத்தில் சந்தித்த களம், அமெரிக்காவின் மேய்ன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் கரைக்கு அப்பாலுள்ள ஆப்பிள்டோர் தீவு. அங்குக் கவிஞர் சீலியா தாக்ஸ்டர் (1835–1894) 50 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட சிறு மலர்த்தோட்டத்தைப் பேணினார். பாப்பி நாற்றின் வேர் இடமாற்றத்தைப் பொறுக்காது. ஆகவே அவர் முட்டை ஓடுகளில் மண் நிரப்பி விதையிட்டு, வேர் அலையாதவாறு நாற்றுகளைத் தீவுக்குக் கொண்டுசென்றார். அத்தோட்டத்தை ஆண்டுதோறும் நாடி வந்தோருள் சைல்ட் ஹாசம் (1859–1935) முதன்மையானவர். பிரெடெரிக் சைல்ட் ஹாசம் என்னும் தம் பெயரிலிருந்து முதற்பெயரை விலக்கும்படி அவருக்கு அறிவுரை கூறியவரும் தாக்ஸ்டரே.

ஹாசம் 1891இல் தீட்டிய ‘பாப்பி மலர்கள், ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ்’ வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. இத்தைல வண்ண ஓவியத்தில் முன்புறம் முழுவதும் பாப்பி. அதற்கப்பால் பாறையும் கடலும். 1892இல் அதே தோட்டத்தை அவர் நீர்வண்ணத்திலும் தீட்டினார். தாக்ஸ்டரின் ‘தீவுத் தோட்டம்’ என்னும் நூல் 1894இல் பாஸ்டனில் வெளிவந்தபோது, ஹாசமின் நீர்வண்ண ஓவியங்கள் வண்ணக் கல்லச்சு முறையில் அதில் அச்சாயின. தைல வண்ணத்தில் பாப்பி தடித்த தூரிகைத் தடங்களின் கூட்டமாகிறது. நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே வெயிலாகிறது. நூல் வெளியான அவ்வாண்டிலேயே தாக்ஸ்டர் இறந்தார். அவரது கைப்பேணுதலில் இருந்த தோட்டத்தின் நிறத்திற்கு அவ்வோவியங்களே முதன்மைச் சான்றுகள்.

நோல்டே: ஊடகம் தரும் சான்று

முதல் உலகப் போருக்குப் பின் பாப்பி மற்றொரு பொருளையும் ஏற்றது. பாப்பி விதை மண்ணுள் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும்; மண் கிளறப்பட்டால் முளைக்கும். குண்டுகளாலும் பதுங்குகுழிகளாலும் புரட்டப்பட்ட ஃபிளாண்டர்ஸ் நிலத்தில் அது செழித்துப் பூத்தது. ஜான் மக்ரேயின் கவிதை 1915 திசம்பரில் வெளியானபின் பாப்பி ஆங்கிலம் பேசும் நாடுகளில் போரில் மாண்டோரின் நினைவுச் சின்னமாயிற்று.

ஜெர்மானிய ஓவியர் எமில் நோல்டேயின் (1867–1956) பாப்பி ஓவியங்கள் வேறொரு வரலாற்றுச் சிக்கலை முன்வைக்கின்றன. அவர் டேனிஷ் எல்லையை ஒட்டிய சேபூல் என்னுமிடத்தில் 1927 முதல் வீடும் மலர்த்தோட்டமும் அமைத்தார். உறிஞ்சும் தன்மையுள்ள ஜப்பானியத் தாளை நனைத்து, ஈரம் காயுமுன் செறிவான வண்ணத்தை இட்டுப் பரவவிடுவது அவரது நீர்வண்ண முறை. கோடின்றி நிறமே இதழின் எல்லையை வகுக்கும்.

நாசி அரசு அவருடைய ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளை அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்தது, 1937இல் ‘சீரழிந்த கலை’க் கண்காட்சியில் அவரை இழிவுபடுத்தியது, 1941இல் தொழில்முறை ஓவியராக இயங்கத் தடை விதித்தது. போருக்குப் பின் இது ‘ஓவியம் தீட்டவே தடை’ என்று விரித்துரைக்கப்பட்டது. தைல வண்ணத்தின் மணம் காவலருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், மணமற்ற நீர்வண்ணத்தில் அவர் மறைவாகச் சிறு ஓவியங்களைத் தீட்டினார் என்னும் கதை பரவியது. அவையே ‘தீட்டப்படாத ஓவியங்கள்’ எனப் புகழ்பெற்றன. சீக்ஃபிரீட் லென்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ஜெர்மன் பாடம்’ என்னும் புதினம் இக்கதைக்கு வலுச்சேர்த்தது.

ஆயின் நோல்டேயின் ‘பெரிய பாப்பி (சிவப்பு, சிவப்பு, சிவப்பு)’ என்னும் படைப்பு 1942ஐச் சேர்ந்தது. அது தைல வண்ணத்தில் ஆனது. தடை நடப்பிலிருந்த காலத்தில் அவர் தைல வண்ணத்தைக் கைவிடவில்லை என்பதற்கு இம்மலர் ஓவியமே நேர்ச்சான்று. தடை விற்பனையையும் காட்சிப்படுத்தலையும் குறித்ததேயன்றி, வீட்டினுள் தீட்டுவதைக் குறித்ததன்று. மேலும், நோல்டே நாசிக் கட்சியின் உறுப்பினர். யூத வெறுப்பைத் தம் எழுத்திலும் வெளிப்படுத்தியவர். 2019இல் பெர்லினில் நடைபெற்ற ‘எமில் நோல்டே: ஒரு ஜெர்மானியக் கட்டுக்கதை’ என்னும் கண்காட்சி இவற்றை ஆவணங்களோடு பொதுமக்கள்முன் வைத்தது. அவ்வாண்டில் ஜெர்மானிய வேந்தர் அங்கேலா மெர்க்கலின் அலுவலகத்திலிருந்து நோல்டேயின் ஓவியங்கள் இரண்டு அகற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று 1915இல் தீட்டப்பட்ட ‘மலர்த்தோட்டம்’.

மலர் ஓவியத்தில் அரசியல் இல்லை என்னும் எண்ணமே நோல்டேயின் கட்டுக்கதைக்குத் துணைநின்றது. ஒடுக்கப்பட்டவராக அவர் நினைக்கப்பட்டதற்குத் தடையே காரணம். ஒடுக்கியோரின் கொள்கையை அவர் ஏற்றிருந்தமை மறைக்கப்பட்டது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே கொள்ளுதல் வரலாற்றாய்வின் கடமையாகும். பாப்பியின் சிவப்பு அழகாயிருப்பது இக்கடமையைக் குறைக்காது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. பாப்பி பூச்சாடியிலிருந்து வயலுக்கு இடம்பெயர்ந்தமைக்குக் கலைக்கொள்கை மட்டும் காரணமன்று. உலோகக் குழாயும் மெல்ல உலரும் எண்ணெயும் அதற்கு வழிவகுத்தன.

2. தைல வண்ணம் பாப்பியைத் தடித்த நிறப்பொட்டாகவும், நீர்வண்ணம் ஒளி ஊடுருவும் இதழாகவும் காட்டின. ஹாசமின் தீவு ஓவியங்கள் இவ்வேறுபாட்டை ஒரே தோட்டத்தில் விளக்குகின்றன.

3. சிவப்பு நிறமிகள் அனைத்தும் ஒருதன்மையன அல்ல. இன்று காணும் நிறத்தை ஓவியர் இட்ட நிறமாகவே கொள்ளுதல் பிழையாக முடியலாம்.

4. ஓவியம் எவ்வூடகத்தில் ஆனது என்னும் எளிய கேள்வி, நோல்டேயின் நேர்வில் நெடுநாள் நம்பப்பட்ட ஒரு கதையை மறுக்கப் போதுமானதாயிற்று.

ஒரு நாளில் உதிரும் மலரை நிலைநிறுத்த முயன்ற ஓவியங்களின் நிறமும் அவற்றைச் சூழ்ந்த கதையும் காலத்தால் மாறியுள்ளன. ஆதலின் மலர் ஓவியங்களை ஆராய்வோர் பொருளையும் பாணியையும் மட்டுமன்றி, நிறமி, எண்ணெய், தாள், தேதி ஆகியவற்றையும் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும்.