காட்டுக்காரர்கள் கூடிய கதை – 5
உரிமையா, சலுகையா?

(சென்ற வாரம்: பர்மாவின் பெகு காட்டில் யானை மேல் அமர்ந்து, கண்ணில் படும் தேக்குக்கு ஒரு வெட்டு என்று மூங்கில் குச்சியில் கணக்கு வைத்தார் பிராண்டிஸ். 1864இல் அதே மனிதர் இந்தியா முழுவதற்கும் வனத்துறைத் தலைவர் ஆனார்.)

தில்லி துவாரகாவில் 21ஆம் செக்டரைத் தாண்டினால் ஷாகாபாத் முகமதுபூர். அங்கே ஒரு ரயில் பாதை போகிறது. அதையொட்டி ரயில்வே நிலத்தில் தானாக வளர்ந்து அடர்ந்த மரங்கள். இது காடா, வெறும் மனை நிலமா என்ற சண்டை நீதிமன்றப் படியேறிய செய்தியைத் தில்லிவாசிகள் படித்திருப்பீர்கள். நம் தொடருக்கு வேண்டியது அந்த மரங்கள் அல்ல, பக்கத்தில் கிடக்கும் தண்டவாளம்.

இந்தத் தடத்தில் முதல் ரயில் ஓடியது 1873இல். இந்தியாவின் முதல் மீட்டர்கேஜ் பாதை இதுதான். இன்று அகலப் பாதையாகிவிட்டது, சிலீப்பரும் கான்கிரீட். அன்று எல்லாம் மரக்கட்டை. ஒரு மைலுக்கு ஏறக்குறைய 2,000 கட்டைகள். அதுவும் ஒரு முறை போட்டால் தீருகிற செலவா? வெயிலும் மழையும் கறையானும் தின்ற பிறகு சில ஆண்டுகளில் மறுபடி புதுக்கட்டை வேண்டும். தேவதாரு, சால், தேக்கு என்று உறுதியான மரம் எங்கே நின்றாலும் அங்கே கோடரி போய்ச் சேர்ந்தது.

மரத்தைக் கேட்டு ரயில்வே நெருக்கியது. கொடுக்க வேண்டிய வன அதிகாரிகள் எப்படி இருந்தார்கள்? பஞ்சாபில் ஒருவர், வங்காளத்தில் ஒருவர், ஆனைமலையில் ஒருவர். ஒருவர் தீத்தடுப்புக் கோடு வெட்டக் கற்றது இன்னொருவருக்குத் தெரியாது. ஒருவர் நாற்றங்காலில் பட்ட நஷ்டத்தை அடுத்தவர் மறுபடி பட்டார். துறை பிறந்து பத்து ஆண்டு ஆகியும் தொழில் பிறக்கவில்லை.

தண்டவாளம் இங்கே வந்த மறு ஆண்டு, 1874 ஜனவரியில், அவர்கள் அலகாபாத்தில் கூடினார்கள். முன்னின்றவர் பேடன் ஹென்றி பேடன்-பவல். பெயர் பழகியதாக இருக்கிறதா? சாரணர் இயக்கம் கண்ட பேடன்-பவலுக்கு இவர் மூத்த அண்ணன், ஒரே தந்தை, வேறு தாய். தம்பி பையன்களைக் காட்டுக்குள் அழைத்துப் போனவர். அண்ணன் கவலையோ, காட்டுக்குள் யார் போகலாம், யார் கூடாது என்பது.

அந்தக் கூட்டத்தின் தடங்கள் இரண்டு. ஒன்று பத்திரிகை. 1875இல் வில்லியம் ஷ்லிஷ் என்ற ஜெர்மானியரை ஆசிரியராகக் கொண்டு ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ தொடங்கியது. எந்த விதை எத்தனை நாளில் முளைத்தது, எந்தச் சரிவில் தீ எப்படிப் பரவியது என்று காட்டில் தனித்துக் கிடந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். டேராடூனிலிருந்து அது இன்றும் வருகிறது.

இன்னொன்று சட்டம். 1865இன் வனச் சட்டம் ஓட்டைச் சட்டி என்று பேடன்-பவல் அங்கே கட்டுரை படித்தார். அரசின் காடு எது, அதில் கிராமத்தாருக்கு உள்ளது என்ன என்று தீர்த்துச் சொல்லாத சட்டம் எதற்கு என்பது அவர் கேள்வி. பதிலும் அவரிடமே இருந்தது. காடு அரசுடையது. அரசு வெளிப்படையாகக் கொடுத்ததே உரிமை. மற்றதெல்லாம் சலுகை.

இரண்டே சொற்கள்தான். நம் ஊரில் வைத்துப் பாருங்கள். நடவுக்கு முன் ஒரு குடியானவர் மலையடிவாரம் போய்த் தழை வெட்டி வந்து வயலில் போட்டு மிதிக்கிறார். ஏர்க்காலுக்கு ஒரு மரம், வண்டி அச்சுக்கு ஒரு மரம். வீட்டுப் பெண்கள் ஒரு கட்டுச் சுள்ளி. அவர் அப்பனும் பாட்டனும் செய்ததுதான். அது உரிமையானால், பறிக்கும்போது அரசு நஷ்ட ஈடு சொல்ல வேண்டும். சலுகையானால், ஒரு காலையில் ஃபாரஸ்ட் கார்டு வந்து “இனி இல்லை” என்றால் தீர்ந்தது. அலகாபாத்தில் கூடியவர்கள் அதிகாரிகள். தழை வெட்டுகிறவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

1878இல் புதிய வனச் சட்டம் வந்தது. பேடன்-பவலின் கை அதில் ஓங்கியிருந்தது. எல்லை வகுத்த ரிசர்வ் காடு, உரிமை கோருவதற்குக் கெடு, மீறினால் தண்டனை. துறையின் தலைவர் பிராண்டிஸோ இடையில் நின்றவர். முக்கியமான காடு அரசிடம் இருக்கட்டும், கிராமத்துக்கென்றும் தனிக் காடு விடுங்கள் என்பது அவர் பேச்சு.

கல்கத்தா போட்ட சட்டத்துக்கு மாகாணங்கள் தலையாட்ட வேண்டியதுதானே? ஒரு மாகாணம் ஆட்டவில்லை. சென்னை!

வேடிக்கை என்னவென்றால், காட்டைக் காப்பதில் முன்னே நடந்த மாகாணங்களில் சென்னையும் ஒன்று. சென்னையிலேயே பிறந்த டாக்டர் கிளெக்ஹார்ன் 1856இலேயே அங்கு வனப் பாதுகாவலர். அப்படிப்பட்ட மாகாணத்தின் ரெவின்யூ போர்டு, 1871இல் சட்ட வரைவு வந்தபோதே முரண்டு பிடித்தது. இந்த மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்து எல்லைக்குள் அடங்காத காடு அநேகமாகக் கிடையாது, மக்களுக்கு அதில் தொன்றுதொட்டு உரிமை இருக்கிறது, சலுகை என்று சொல்ல முடியாது என்பது அதன் வாதம். வரி வசூலிக்கும் அதிகாரிகள் குடியானவர் பக்கம் பேசியது கருணையால் மட்டுமா? தழை இல்லாத வயல் விளையாது, விளையாத வயல் வரி கட்டாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆக, காட்டுக்காரர்கள் ஒன்று கூடிக் குரல் பெற்ற சில ஆண்டுகளிலேயே, அந்தக் குரலுக்கு முதல் பெரிய “முடியாது” சென்னையிலிருந்து வந்தது.

கல்கத்தா பொறுத்துப் பார்த்தது. 1881இல் ஒருவரைச் சென்னைக்கு அனுப்பியது. வழிக்குக் கொண்டு வர வந்தவர் பேடன்-பவல் அல்ல. மூங்கில் குச்சியில் தேக்கு எண்ணிய அந்த மனிதர், கிராமத்துக்கென்று தனிக் காடு கேட்ட பிராண்டிஸ்.

தழை வெட்டுகிறவர் பக்கம் பேச வந்தாரா, வேலி போட வந்தாரா?

(அடுத்த வாரம்: சென்னை கையெழுத்திட்ட காகிதம்)