டேங்கர் ஓட்ட மூன்று நாள் பாடம்

லீவில் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். லாரி ஓட்டும் சித்தப்பா நோட்டும் கையுமாக "1203 பெட்ரோல், 1075 கேஸ்" என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். டேங்கருக்கு மாறப் போகிறாராம். லைசென்ஸ்தான் இருக்கிறதே, பிறகு எதற்குப் படிப்பு? தேடிப் படித்தேன்.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, அது என்ன வாயு, என்ன மருந்து கொடுப்பது என்று தெரியாமல் மருத்துவர்களே தவித்தார்கள். அதன்பின் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9-ஆம் விதி, ஆபத்தான சரக்கு ஏற்றும் டிரைவருக்கு மூன்று நாள் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். வண்டியில் சரக்கின் ஐ.நா. எண்ணை எழுதி வைக்க வேண்டும். தீயணைப்பு வீரர் தூரத்திலிருந்தே உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் அந்த எண்.

ஆனால் விதி மட்டும் போதுமா? 2012 ஆகஸ்ட் 27 இரவு, கண்ணூர் அருகே சாலாவில் கேஸ் டேங்கர் ஒன்று டிவைடரில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த வாயு தீப்பிடித்து 20 பேர் இறந்தார்கள்.

முன்பு இந்த லைசென்ஸ் ஓராண்டுக்குத்தான் செல்லும். 2019 திருத்தம் அதை மூன்றாண்டாக்கியது. டிரைவர்களுக்கு அலைச்சல் மிச்சம்தான். ஆனால் படித்தது மூன்று வருடம் மறக்காமல் இருக்குமா?

சித்தப்பாவுக்கு ஆங்கிலம்தான் தகராறு. "இன்ஃப்ளேமபிள்" என்றால் எரியாதது என்றே நினைத்திருந்தார். எளிதில் தீப்பற்றுவது என்று சொல்லிக் கொடுத்தேன். "தீப்பிடிக்கும்னு தமிழ்ல எழுதினா குறைஞ்சா போயிடுவாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.